தேயிலை அதேதான், தண்ணிதான் வேறே

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குக் கிட்ட உள்ள திகனவுக்கு வீடு மாறி வந்த மூன்றாவது கிழமையே அம்மா ஆரம்பித்துவிட்டார். "கடைக்காரன் பழைய தூளைக் கட்டிக் குடுத்துட்டான்." தூளை மாற்றினோம், அதே கதை. ஊரிலிருந்து சித்தப்பா நல்ல தூள் ஒரு கிலோ அனுப்பினார். அதைப் போட்டும் தேத்தண்ணி கறுத்துப் போய், மேலே எண்ணெய் ஊற்றினது மாதிரி ஒரு ஏடு. கரண்டி பட்டதும் அந்த ஏடு துண்டு துண்டாக உடைந்து கோப்பையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சந்தேகம் தண்ணி மேல் திரும்பியதே கேத்தலால்தான். வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை, அடியில் வெள்ளையாகப் படை. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. வினாகிரி கொஞ்சம் ஊற்றினேன், சோடாப் போத்தல் திறந்த மாதிரி நுரைத்துக்கொண்டு கரைந்தது. சுண்ணாம்பேதான்.

எங்கள் ஒழுங்கைக்கு வருவது குழாய்க்கிணற்றுத் தண்ணி. மேலே டாங்கியில் ஏற்றி வீட்டு டெப்புக்கு விடுகிறார்கள். கீழே மெயின் ரோட்டுப் பக்கம் ஆற்றுத் தண்ணியைச் சுத்திகரித்து விடுவதால் குளோரின் மணக்கும், ஆனால் அந்த வீட்டுக் கேத்தல்கள் பளபளவென்று இருக்கின்றன. கூப்பிடு தூரத்தில் இரண்டு வகைத் தண்ணி!

காரணம் கல். லிந்துலை, மஸ்கெலியாப் பக்கத்துக் கடும்பாறை லேசில் கரையாது, அதனால் ஊற்றுத் தண்ணி கிட்டத்தட்ட மழைத்தண்ணியாகவே வந்து சேர்கிறது. திகன, மாத்தளைப் பக்கம் நிலத்துக்கடியில் பளிங்கும் டொலமைட்டும் ஓடுகின்றன. மண்ணுக்குள் இறங்கும் மழைத்தண்ணி அங்குள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்து, அந்தக் கல்லிலிருந்து கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்தில் வன்னீர் என்று படித்தது இதைத்தான். கவ்வாத்து வெட்டின, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்துவிட்ட மலைக்கு அப்பா மூட்டை மூட்டையாகச் சுமந்து போட்ட அதே டொலமைட் இப்போது எங்கள் கேத்தலுக்குள்!

மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். வன்மை லீட்டருக்கு 210 மில்லிகிராம். 60க்குக் கீழே இருந்தால் மென்னீர், 180ஐத் தாண்டினால் மிகவும் வன்மை என்பது பொதுவான கணக்கு. நம் நாட்டுக் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 அதிகபட்சம் 250 வரை விடுகிறது. ஆக, குடிக்கலாம். பருப்பு வேகத்தான் நேரம் எடுக்கிறது, கடலை என்றால் கேட்கவே வேண்டாம், ஊறப்போடும்போதே ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட வேண்டியிருக்கிறது. சுடுதண்ணி ஹீட்டர் ஒன்று எரிந்தே போனது.

உங்கள் பக்கம் எப்படி?

பண்டாரவளையிலிருந்து

அண்ணா, எங்களுக்கு நேர் எதிர்! சவர்க்காரம் போட்டால் எவ்வளவு ஊற்றினாலும் வழுக்கல் போகாது. கேத்தலில் பொட்டுப் படை இல்லை. ஆனால் விடிய டெப்பைத் திறந்தால் முதல் வாளி தேத்தண்ணி நிறத்தில் வரும். மென்னீர், அதுவும் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பழைய இரும்புக் குழாயைத் தின்றுவிடுமாம். இராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணி துருவோடு வருகிறது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை எல்லாம் மஞ்சள். வீட்டுக்குள் இருந்த குழாயை பிவிசிக்கு மாற்றினோம், பாதி குறைந்தது. ரோட்டில் புதைத்திருப்பதை யார் மாற்றுவது? முதல் வாளி கக்கூசுக்கு, அப்புறம்தான் குசினிக்கு.

மஸ்கெலியாவிலிருந்து

தம்பி, லயத்து வரிசை வீடுகளுக்கு ஊற்றிலிருந்து வரும் பீலித்தண்ணியைக் கற்கண்டு என்று சொல்லித்தான் நாங்களும் வளர்ந்தோம். தேத்தண்ணி போட அதைவிட நல்ல தண்ணி கிடையாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊற்றுக்கு மேலே இப்போது மரக்கறித் தோட்டமும் மாட்டுப் பட்டியும். இரண்டு வருடத்துக்கு முன் அடைமழையில் லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரே வயிற்றோட்டம். தண்ணி கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. சோதித்துப் பார்த்தால் ஈ-கோலை கிருமி. குடிதண்ணியில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. கறுப்பு ஹோஸ் எங்காவது கழன்று காட்டாற்றில் கிடந்தாலும் டெப்பில் தண்ணி வரத்தான் செய்யும். ஒருநாள் தவளைக்குஞ்சே வந்தது. உங்கள் சுண்ணாம்பு கேத்தலை நாசமாக்கும், எங்கள் கற்கண்டு பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டு குடிப்பதில்லை இப்போது.

மாத்தளையிலிருந்து

எங்கள் கிணறும் வன்னீர்தான். சிறுநீரகத்தில் கல் வரும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். மண் பில்டர் வாங்கினால் சரியாகுமா?

மறுபடி திகனவிலிருந்து

அக்கா, மண் பில்டர் கலங்கலைப் பிடிக்கும், கரைந்திருக்கும் சுண்ணாம்பு அதற்குள்ளால் போய்விடும். வன்மையை எடுக்க உப்புப் போட்டு ஓட்டும் மெஷின் இருக்கிறது. அது கல்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும், பிரஷர்காரர்கள் யோசிக்க வேண்டும். உடல்நலத்தை வைத்து வன்மைக்கென்று உலக சுகாதார நிறுவனம் எல்லை எதுவும் போடவில்லை. கல் வந்தவர் வீட்டில் இருந்தால் டாக்டரிடமே கேளுங்கள், பக்கத்து வீடு வேண்டாம்.

காசில்லாத வழி ஒன்று: தண்ணியை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் படிந்துவிடும். மேலால் வடித்து எடுத்து மறுபடி கொதிக்க வைத்துத் தேத்தண்ணி போடுங்கள். பிளேன்டீ என்றால் தேசிக்காய் நாலு சொட்டு, ஏடு மறையும், நிறமும் வெளுக்கும்.

இதெல்லாம் அம்மாவுக்குச் செல்லாது. போன மாதம் ஊரிலிருந்து ஐந்து லீட்டர் கேனில் பீலித்தண்ணியே கொண்டுவந்துவிட்டார். மஸ்கெலியா அண்ணன் சொன்னதைச் சொல்லிக் கொதிக்க வைத்தேன். ஒரே தூள், இரண்டு கோப்பை. எங்கள் தண்ணியில் கஷாயம், அவர் தண்ணியில் செம்பு நிறம், ஓரத்தில் பொன் வளையம். ஒன்றும் பேசாமல் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இப்போது கண்டி பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் கையில் அந்தக் கேன். போன முறை கொண்டக்டர் மண்ணெண்ணெய் என்று நினைத்து இறங்கச் சொன்னாராம். மூடியைத் திறந்து, கையில் ஊற்றி மணந்து பார்க்க வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம்.