சோப்புப் படலம் உண்மையிலேயே மிகக் குறைந்த பரப்பைத்தான் தேர்கிறதா?

கேள்வி:
5 செ.மீ. ஆரமுள்ள இரு கம்பி வளையங்களைச் சோப்புக் கரைசலில் முக்கியெடுத்து, ஒரே அச்சில் மெல்ல விலக்கிப் பார்த்தேன். இடை ஒடுங்கிய படலம் ஏறத்தாழ 6.5 செ.மீ. வரை தாங்கி, பிறகு சட்டென்று அறுந்து, வளையத்துக்கு ஒன்றாக இரு தட்டையான படலங்களாகிவிட்டது. ஆனால் 6 செ.மீ. இடைவெளியிலேயே ஒடுங்கிய படலத்தின் பரப்பு சுமார் 175 சதுர செ.மீ., இரு வட்டங்களின் மொத்தப் பரப்போ 157 தான். படலம் பரப்பைச் சிறுமமாக்கும் என்றால், அது முன்னரே அறுந்திருக்க வேண்டாமா?

மறுமொழி 1:
கணக்கு சரி, சிக்கல் ‘சிறுமம்’ என்ற சொல்லில் இருக்கிறது. படலம் எல்லா வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. சிறிது அசைந்தால் பரப்பு கூடுமா குறையுமா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே அது அடைவது இடஞ்சார்ந்த சிறுமம், மீச்சிறு மதிப்பாக இருக்க வேண்டியதில்லை. இரு வட்டங்களாக மாற இடை முழுவதும் ஒடுங்கியாக வேண்டும். அந்த வழியில் பரப்பு முதலில் கூடுகிறது.

இவ்வடிவத்தை 1744இல் கணிதவியலாளர் ஆய்லர் கண்டார்: சங்கிலி வளைவை (இரு முனைகளில் தொங்கும் சங்கிலியின் வடிவத்தை) அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் கேட்டனாய்டு. இடைவெளி ஆரத்தின் 1.325 மடங்குக்குக் குறைவாக இருக்கும்வரை, தடித்த இடையுடன் ஒன்று, மெல்லிய இடையுடன் ஒன்று என இரு கேட்டனாய்டுகள் சாத்தியம். முன்னது நிலைக்கும், பின்னது நிலைக்காது, அதுதான் தடித்த இடையுள்ள நிலைக்கும் இரு வட்டங்களின் நிலைக்கும் இடையிலுள்ள மேடு. விலக்க விலக்க இரண்டும் நெருங்கி, உங்கள் வளையங்களுக்கு 6.63 செ.மீ.யில் ஒன்றாகி மறைகின்றன. வட்டங்களின் பரப்பு 5.28 செ.மீ.யிலேயே குறைவாகிவிட்டாலும், அதுவரை படலம் தாங்குவது இதனால்தான். சற்று முன்னதாகவே அறுந்ததற்குக் கை நடுக்கமே போதும்.

மறுமொழி 2:
ஒன்று சேர்க்கிறேன். பரப்பு சிறுமமாக இருக்கத் தேவையான லக்ராஞ்சின் சமன்பாட்டுக்கு 1776இல் கணிதவியலாளர் மெனியே தந்த பொருள், சராசரி வளைவு எங்கும் பூச்சியம் என்பது; அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையில் உள்ள வளைவை அதற்குச் செங்குத்தான திசையில் உள்ள எதிர்வளைவு ஈடுசெய்கிறது. அது முதல் வகைக்கெழு பூச்சியம் என்பதைப் போன்ற நிபந்தனை மட்டுமே. இந்நிபந்தனைக்கு உட்பட்ட பரப்புகளுக்கு வழங்கும் ‘சிறுமப் பரப்பு’ என்ற பெயர் சற்று ஏமாற்றுகிறது என்பேன். மெல்லிய இடையுள்ள கேட்டனாய்டும் அந்த நிபந்தனைக்கு உட்பட்டதே.

கேட்டவர்:
தெளிவாயிற்று. முக்கி எடுத்தபோது நடுவில் கூடுதலாக ஒரு வட்டப் படலமும் இருந்ததே?

மறுமொழி 2:
அது இயல்பு. மூன்று படலங்கள் 120 பாகையில் சந்திக்கும் என்று பெல்ஜிய இயற்பியலாளர் பிளாட்டோ (Plateau) கண்டறிந்ததை 1976இல் கணிதவியலாளர் ஜீன் டெய்லர் நிறுவினார். நடுப்படலத்தை மட்டும் உலர்ந்த ஊசியால் குத்திவிடுங்கள். மீதி தானே கேட்டனாய்டாகும்.