புதுப்பிப்பு: கைச்சூட்டுப் பொட்டலம் ஏன் பாதியில் ஆறுகிறது?

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி விடியலில் வண்டி ஓட்டுபவர்களுக்கு கைச்சூட்டுப் பொட்டலம் (குளிரில் கையைச் சூடாக வைக்கும் சின்னப் பை, ஹேண்ட் வார்மர்) பற்றி எழுதிய பதிவின் தொடர்ச்சி. அதிகம் வந்த கேள்வி: "கிளவுஸுக்குள் வைத்ததும் ஆறிவிடுகிறதே?"

பொட்டலத்துக்குள் காற்றுப் புகவில்லை, அவ்வளவுதான். உள்ளே இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கும்போது வருவதே சூடு. கிளம்ப 20 நிமிடம் முன்பே வெளி உறையைப் பிரித்து, உதறி, ஜெர்கின் பையில் போடுங்கள். சூடேறியபின் தளர்வான கிளவுஸில், புறங்கைப் பக்கம். உள்ளங்கையில் வைத்தால் கிளட்ச் பிடி நழுவும். ஆறினால் எடுத்து மறுபடி உதறுங்கள்.

ஓசூர் சேர்ந்தபின் சூடு மிச்சமிருந்தால் காற்றைப் பிதுக்கி ஜிப்லாக் கவரில் மூடலாம், துரு நின்றுவிடும். கடையில் உறையோடு அமுக்கிப் பாருங்கள். கட்டியாக இருந்தால் காற்றுப் புகுந்த சரக்கு.

தூங்கும்போது வேண்டவே வேண்டாம். சர்க்கரையால் கைகால் மரத்தவர்களுக்கும் கொடுக்காதீர்கள். சுடுவது தெரியாமலே கொப்புளித்துவிடும்.