பென்ஸ் நட்சத்திரமும் நீங்களும்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் (இணையக் குழு உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவரோட புனைபெயர்)

மாம்பழநகரம்

ஜெர்மனியில வீஸ்லொக் ஊர் மருந்துக்கடை. அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

வேலை வால்டோர்ஃப்ல, வீடு பக்கத்து ஊரான வீஸ்லொக்ல. போன நவம்பர் டிரைவிங் டெஸ்ட்ல ரெண்டாவது தடவையா ஃபெயில். சேலத்துல ஒன்பது வருஷம் கார் ஓட்டினவ நான். இங்க பலகை எதுவும் இல்லாத முக்குல வலது பக்கம் இருந்து வர்ற வண்டிக்கு வழி விடணும். ரெண்டு தடவையும் அதுலதான் கோட்டை விட்டேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கல. மழை வேற. கடை ஓரமா ஒதுங்கி நின்னேன்.

பெர்த்தா பென்ஸ் கதை எல்லாருக்கும் தெரியும். 1888 ஆகஸ்ட்ல வீட்டுக்காரர் கார்ல் பென்ஸ்கிட்ட சொல்லாம, அவர் செஞ்ச மூணு சக்கரக் காரை எடுத்துக்கிட்டு, ரெண்டு பசங்களோட மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்ல இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனது. நூறு கிலோமீட்டருக்கு மேல. வழியில எரிபொருள் தீர்ந்தப்போ, துணிக்கறை எடுக்கிற லிக்ராயினை வாங்கி ஊத்தினது இந்தக் கடையிலதான். உலகத்தோட முதல் பெட்ரோல் பங்க்னு இதைச் சொல்றாங்க. வெளிய அவங்களுக்கு நினைவுச் சின்னமும் வெச்சிருக்காங்க. தினம் கடந்து போற எனக்கு அன்னைக்குத்தான் நின்னு பார்க்கத் தோணுச்சு.

கடையில இருந்து வெளிய வந்த ஒரு வயசான அம்மா என் முகத்தைப் பார்த்துட்டு உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. டெஸ்ட் போச்சுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் தன் குடைக்குள்ள என்னையும் சேர்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் அந்தச் சின்னத்தைக் காட்டி, "இவ எண்ணெய் வாங்கினதை எல்லாரும் சொல்றாங்க. அந்தப் பட்டறையே இவ காசுலதான் நின்னுச்சுன்னு யாராவது உனக்குச் சொன்னாங்களா?"ன்னு கேட்டாங்க.

யாரும் சொல்லல. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். கார்ல் பென்ஸோட பட்டறைப் பங்காளியை விலக்கணும்னு, கல்யாணத்துக்கு முந்தியே தன் சீதனப் பணத்தை வாங்கிக் கொடுத்திருக்காங்க. கல்யாணம் ஆனதும் அந்தக் காலத்துச் சட்டப்படி அந்த முதலீட்டு மேல அவங்களுக்கு உரிமை இல்லாம போச்சு. 1886 ஜனவரி 29 தேதி போட்ட அந்த வண்டியோட 37435ஆம் எண் காப்புரிமை வீட்டுக்காரர் பேர்ல. ரோட்டுல ஓட்ட 1888ல அரசாங்கம் எழுத்துல கொடுத்த அனுமதியும் அவர் பேர்லதான்.

என் பதினெட்டுப் பவுன் என் வீட்டுக்காரர் தொழில்ல இருக்கு. போர்டுல அவர் பேரும் அவங்க அப்பா பேரும் இருக்கு. பென்ஸ், பேரைச் சொன்னாலே உலகம் மதிக்கிற கம்பெனி, அதுல ஒரு பெண் பேருக்கு இடமில்லையே. அன்னைக்கு மழை விட்டுச்சு, இது மட்டும் என்னை விடல.

பழையவண்டிப் பிரியன்

சகோதரி, ஒரு திருத்தம். கம்பெனி பேர்லயே பெண் இருக்காங்க. மெர்சிடிஸ்ங்கிறது எமில் யெல்லினெக்கோட மகள் பேர். பிரான்ஸ் நாட்டு நீஸ்ல இருந்துக்கிட்டு டைம்லர் வண்டிகளை வாங்கிப் பணக்காரங்களுக்கு வித்தவர் அவர். 1900ல புது மாதிரி வண்டி வேணும், அதுக்கு மகள் பேரை வைக்கணும்னு டைம்லர் கம்பெனிகிட்ட கேட்டார். அங்க பொறியாளரா இருந்த வில்ஹெல்ம் மேபாக் 35 குதிரைசக்தி வண்டியைச் செஞ்சு கொடுத்தார். 1902ல பேர் வணிகச் சின்னமா பதிவாச்சு. டைம்லரும் பென்ஸும் போட்டிக் கம்பெனிகள், 1926 ஜூன்லதான் ஒண்ணாச்சு. பெர்த்தா அம்மாவையும் மெர்சிடிஸையும் கலக்காதீங்க.

மாம்பழநகரம்

நான் கலக்கலங்க. அந்தக் குழந்தைக்கு அப்போ பத்து, பதினோரு வயசு. பேரை வெச்சது அவ அப்பா. நான் கேட்கிறது காசு போட்டவங்களைப் பத்தி. அடைச்ச எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால குத்திவிட்டு, தேய்ஞ்ச பிரேக்குக்குச் செருப்புத் தைக்கிறவர்கிட்ட தோல் அடிக்கச் சொன்னவங்களைப் பத்தி. அவங்க மலை ஏத்தத் திணறினதைச் சொன்ன பிறகுதான் அந்த வண்டிக்கு இன்னொரு கியர் வந்துச்சு.

லாரிப்பேட்டை

நாமக்கல். இங்க எல்லாரும் காரைப் பத்தியே பேசுறீங்க. எங்களுக்கு பென்ஸுன்னா லாரி. எங்கப்பா கிளீனரா ஏறினது டாடா மெர்சிடிஸ் பென்ஸ்ல. 1954ல டாடாவோட டெல்கோ கம்பெனியும் டைம்லர்-பென்ஸும் 15 வருஷத்துக்குக் கைகோத்து ஜாம்ஷெட்பூர்ல செஞ்ச வண்டி. 1969ல ஒப்பந்தம் முடிஞ்சது, முகப்புல நட்சத்திரம் போய் டாடா எழுத்து வந்துச்சு. எங்க பக்கம் அதுக்கப்புறமும் ரொம்ப நாளைக்கு அதை பென்ஸுன்னுதான் சொன்னாங்க.

1971, எனக்கு ஏழு வயசு. முதலாளி புது வண்டி எடுத்துட்டார். பழையதை மறுநாள் காலையில இரும்புக்குத் தூக்கப் போறாங்க. ராத்திரி அப்பா என்னை எழுப்பி கையில டார்ச்சைக் கொடுத்துக் கூட்டிட்டுப் போனார். ரேடியேட்டருக்கு மேல இருந்த அந்த நட்சத்திரத்தை ஸ்பேனர் போட்டுக் கழட்டி, தலைத்துண்டுல சுத்தினார். பதினாலு வருஷம் அந்த நட்சத்திரத்துக்குப் பின்னால உக்காந்து ரோட்டைப் பார்த்தவர். திரும்பினா முதலாளி நிக்கிறார். திட்டல. "வண்டியோட சாமான் வண்டியோட போகட்டும்ப்பா"ன்னு மட்டும் சொன்னார். அப்பா திரும்பவும் மாட்டினார். மரை ஏற மாட்டேங்குது, கை அப்படி நடுங்குது. நான் டார்ச்சை வேற பக்கம் திருப்பிட்டேன்.

2012ல ஒரகடத்துல டைம்லர் பாரத்பென்ஸ் லாரி போட ஆரம்பிச்சாங்க. மறு வருஷம் சங்ககிரியில ஒரு வண்டி நின்னப்போ அப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். முகப்புல தடவிப் பார்த்துட்டு, "இதுல அது இல்லியே"ன்னார். அந்த வண்டிக்குச் சின்னம் வேற. வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

நெக்கார்க்கரை

நான் 85இல ஜேர்மனிக்கு வந்தனான், கிழக்கு பேர்லின் வழியா. பத்து வருசம் ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவிப் போட்டு, 95இல ரக்சி ஓடத் தொடங்கினன். ஸ்ருட்காட் பெரிய ஸ்ரேசன் கோபுரத்தில அந்த நட்சத்திரம் அப்ப இரவில வெளிச்சத்தோட சுத்திக்கொண்டு நிக்கும். அதுக்குக் கீழதான் எங்கட வரிசை. அண்டைக்கு நிண்டது எல்லாம் தந்த நிறப் பென்ஸ்.

97 ஐப்பசி. ஒரு கிழவியும் பேத்தியும் பெட்டியோட வந்தவை. நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தன். அவா ஏறேல்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தா, பிறகு என்ர வண்டியின்ர மூக்கில நிண்ட நட்சத்திரத்தைப் பார்த்தா. ஒரு அடி பின்னுக்குப் போனா. பேத்தி டொச்சில, அதான் ஜேர்மன் பாசையில, "மன்னிக்கோணும், அம்மம்மா இதில ஏறமாட்டா. வேற வண்டி இருக்கோ?" எண்டு கேட்டது. நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தன். எல்லாத்திலயும் அதே நட்சத்திரம்.

அவாவைப் 16 வயசில உக்ரைனில இருந்து ரயிலில ஏத்தி, தொழிற்சாலை வேலைக்கெண்டு இஞ்ச கொண்டு வந்தவையாம். 1944 கடைசியில டைம்லர்-பென்ஸ் கம்பனியில வேலை செய்த 63,610 பேரில கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் அப்பிடிக் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்த ஆக்கள், போர்க் கைதியள், வதைமுகாம் ஆக்கள். இதைக் கம்பனியே தன்ர வரலாற்றில எழுதி வைச்சிருக்கு. 1988இல 20 மில்லியன் மார்க் குடுத்தவை. 2000இல அரசும் கம்பனியளும் சேர்ந்து நட்டஈட்டு நிதி தொடங்கினவை.

அண்டைக்கு இது ஒண்டும் எனக்குத் தெரியாது. வண்டியைப் பூட்டிப்போட்டுப் பெட்டியைத் தூக்கினன். பின்னால நிண்டவன் சத்தம் போட்டான். ஹோட்டல் இருபது நிமிச நடை, ஏத்தம். பாதி வழியில அவா நிண்டு மூச்சு வாங்கினா. நான் எந்த நாடு எண்டு பேத்தி மூலம் கேட்டா. சொன்னன். "சண்டையோ?" எண்டா. ஓம் எண்டன். அதுக்குப் பிறகு அவா என்ர ஜக்கெற் கையைப் பிடிச்ச பிடி விடேல்லை.

மாம்பழநகரம் பிள்ளை, பெர்த்தா அம்மா செத்ததும் 1944இலதான். வைகாசி, லாடன்பேர்க்கில, 95 வயசு. அதே வருசம் அந்த நட்சத்திரத்துக்குக் கீழ இந்தப் பிள்ளையள் வேலை செய்ததுகள். அதையும் உங்கட கதையோட சேர்த்து வைச்சிருங்கோ.

பழையவண்டிப் பிரியன்

ஐயா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா போர்க் காலத்தை வெச்சு ஒரு கம்பெனியை எடை போடக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன். அந்தப் பேர் பொறியியலால சம்பாதிச்சது. மோதும்போது முன்பக்கம் நசுங்கி ஆளைக் காப்பாத்துற உடலமைப்பை கம்பெனிப் பொறியாளர் பேலா பாரென்யி யோசிச்சு 1959ல வண்டியில கொண்டுவந்தாங்க. 1978ல போஷ் கம்பெனியோட சேர்ந்து, பிரேக் அழுத்துறப்போ சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற ஏபிஎஸ். ஒரு கிரேக்க டாக்சிக்காரர் தன் 1976 மாடல் 240 டீசலை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிட்டு, 2004ல மியூசியத்துக்குக் கொடுத்தார்.

என் அனுபவம் சின்னது. 2009, மஸ்கட். ஒரு பழைய 124 மாடல் வாங்கினேன். மீட்டர்ல ஒரு லட்சத்துச் சொச்சம். முதல் நாள் பிரேக் பெடல்ல கால் வெச்சப்போதான் ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருக்கிறதைக் கவனிச்சேன். மீட்டரைத் திருப்பிட்டான் வித்தவன். மனைவி பின்சீட்டுல மகளோட சந்தோஷமா உக்காந்திருந்தா. சொல்லவும் முடியல, சிரிக்கவும் முடியல.

அதனால பழைய பென்ஸ் வாங்க நினைக்கிறவங்களுக்குச் சொல்றேன். மீட்டரைப் பார்க்காதீங்க. பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், டிரைவர் சீட்டோட கதவுப் பக்க ஓரம், இந்த மூணும் பொய் சொல்லாது. குளிர்ந்த என்ஜினை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. நீங்க போறதுக்கு முன்னாடியே சூடாக்கி வெச்சிருந்தா திரும்பி வந்துடுங்க. டீசல்னா, என்ஜினை உள்ள சூடாக்குற குளோ பிளக்கோட விளக்கு அணையுற வரைக்கும் பொறுத்து அப்புறம் சாவியைத் திருப்புங்க, உடனே பிடிக்கணும். ஜாக்கி வைக்கிற இடத்துல விரலால அழுத்திப் பாருங்க, துரு அங்கதான் முதல்ல வரும். 123 மாடல் டீசல்ல சாவியை எடுத்த பிறகும் என்ஜின் ஓடிக்கிட்டே இருந்தா பயப்பட வேண்டாம். என்ஜினை நிறுத்துறது வெற்றிடத்தால வேலை செய்யிற ஒரு அமைப்பு, நாப்பது வருஷ ரப்பர் குழாய் எங்கேயோ வெடிச்சிருக்கும். கதவுப் பூட்டும் அதே வெற்றிடத்துலதான் ஓடுது, அதையும் சோதிங்க. 90கள் தொடக்கத்து பெட்ரோல் வண்டின்னா என்ஜின் ஒயரிங் உறை நொறுங்குதான்னு பாருங்க, மாத்தினதுக்கு ரசீது கேளுங்க. கியர் ஆயில் மாத்தவே வேண்டாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வண்டி விலைக்கு மேல மூணுல ஒரு பங்கு தனியா எடுத்து வையுங்க. முதல் வருஷமே அது வேணும்.

கிண்டி மெக்கானிக்கல்

இங்க யாரும் வண்டி வாங்கக் கேட்கலைங்க. நெக்கார்க்கரை ஐயா சொன்னதுக்குக் கீழ ஜாக்கி வைக்கிற இடத்தைப் பத்தி எழுதியிருக்கீங்க. எனக்கு அது வலிச்சது.

பொறியியலால பேர் வந்துச்சுன்னா 1997ஐயும் சொல்லணும். அக்டோபர்ல ஸ்வீடன் பத்திரிகை ஒண்ணு பென்ஸோட புதுச் சின்னக் கார் ஏ-கிளாஸைச் சோதிச்சது. ரோட்டுல திடீர்னு மூஸ்ங்கிற பெரிய கடம்பை மான் வந்தா எப்படி ஒடிச்சுத் திருப்புவோமோ அப்படித் திருப்பினாங்க. வண்டி கவிழ்ந்துடுச்சு. கம்பெனி முதல்ல ஒத்துக்கல. அப்புறம் விற்பனையை நிறுத்தி, ஏ-கிளாஸ் எல்லாத்துக்கும் சறுக்கலைக் கட்டுப்படுத்துற ஈஎஸ்பியைப் போட்டாங்க. அதுவரைக்கும் அது விலை உயர்ந்த வண்டிகளுக்கு மட்டும் இருந்தது. சின்ன வண்டிக்கும் அது வந்தது அந்தக் கவிழ்ந்த வண்டியாலதான். 2020ல டீசல் புகை விவகாரத்துக்காக அமெரிக்காவுல 200 கோடி டாலருக்கு மேல கட்ட ஒத்துக்கிட்டதும் இதே கம்பெனிதான்.

நான் இப்போ ஸ்வீடன்ல பிரேக் சம்பந்தமான வேலையில இருக்கேன். பயிற்சிக்குப் போன முதல் நாள், அதே மான் சோதனை, வேற கம்பெனி வண்டி. பயிற்சியாளர் ஈஎஸ்பியை அணைச்சுட்டு ஓட்டச் சொன்னார். வண்டியோட பின்பக்கம் என்னை முந்திக்கிட்டு வந்துச்சு, கூம்பு எல்லாம் பறந்துச்சு. இப்போ போட்டுட்டு ஓட்டுன்னார். அதே வேகம். ஒரு சக்கரம் மட்டும் தானா பிரேக் பிடிச்சு, வண்டி நேரா வந்து நின்னுச்சு. அந்த ஒரு சக்கரம் பிடிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு.

மாம்பழநகரம்

நெக்கார்க்கரை ஐயா, ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன். சேர்த்து வெச்சிருக்கேன். போன சனிக்கிழமை பொண்ணோட ஸ்டுட்கார்ட் மியூசியம் போனேன். லிஃப்ட்ல மேல ஏத்தி விட்டுடுறாங்க, 1886ல இருந்து கீழ இறங்கி வரணும். பெர்த்தாம்மா ஓட்டின மாதிரி வண்டி முன்னாடி பொண்ணு ரொம்ப நேரம் நின்னா. 1940கள் வர்ற தளத்துல நான் நின்னேன். இங்க ஏன் நிக்கிறோம்னு கேட்டா. நீங்க எழுதினதைச் சொன்னேன். "அந்தப் பாட்டி ஊருக்குத் திரும்பிப் போயிட்டாங்களா?"ன்னு கேட்கிறா. உங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

நெக்கார்க்கரை

பிள்ளைக்குச் சொல்லுங்கோ, அதுக்குப் பிறகு நான் அவாவைக் காணேல்லை. பேரும் கேக்கேல்லை. ஹோட்டல் வாசலில பெட்டியை வைச்சன். அவா கைப்பையைத் திறந்து காசை நீட்டினா. மீற்றர் ஓடேல்லை அம்மா எண்டன். பேத்தி அதை அவாட பாசையில சொன்னது. அவா என்ர கையை விரிச்சு, தாளை வைச்சு, விரலை ஒவ்வொண்டா மடிச்சு மூடிவிட்டா.