வெள்ளவத்தை: குளியலறைக் கைப்பிடி பொருத்தத் தெரிந்த பாஸ் தேவை

வணக்கம் உறவுகளே. 80 தாண்டிய அம்மா ஒருவரின் ஃபிளாட்டுக்காகக் கேட்கிறோம். கொமட் பக்கச் சுவரில் கைப்பிடி பொருத்த வேண்டும். சுவரோ உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல். அதில் நைலோன் பிளக் அடித்தால் முதலில் உறுதியாகத்தான் தெரியும். எழும்பும்போது உடற்பாரம் வெளிப்பக்கம் இழுக்க, கல்லின் மெல்லிய ஓடு உடைந்து பிளக்கோடு கையில் வந்துவிடும். விழுந்தால் இடுப்பெலும்புதான் போகும். ஆகவே துளைக்குள் வலைக்குழாய் வைத்து கெமிக்கல் ஆங்கர் (பசை ஊற்றி ஆணியை இறுக்கும் முறை) போடத் தெரிந்தவர், பசை முழுதாய் இறுகும்வரை பாரம் கொடுக்காமல் விடுகிறவர் வேண்டும்.

கைப்பிடிக் கம்பி 32–38 மி.மீ. தடிப்பு, சுவரிலிருந்து இடைவெளி சுமார் 38 மி.மீ. அதைவிடக் கூடினால், கை வழுக்கும்போது முன்கை உள்ளே சிக்கும். உயரம் தரையிலிருந்து 33–36 அங்குலம். அம்மாவை நிற்கவைத்துப் பார்த்தே குறிக்க வேண்டும். தயவுசெய்து துவாய்க் கம்பி காட்ட வேண்டாம், அது ஆள் பாரம் தாங்காது.

கடற்காற்றுக்கு 304 ரகத்தை விட 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. பழைய சோனகத் தெருப் பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்?

வாசலில் 2 அங்குலத் திட்டும் இருக்கிறது. 1:12 சரிவுக்கு (1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம்) 24 அங்குல நீளம் போதும். கழற்றக்கூடிய ரப்பர் சரிவுப்பலகை கொழும்பில் பார்த்தவர்கள் விலையோடு சொல்லுங்கோ.