அப்பாவின் மசேநி (சிங்கப்பூர் மத்திய சேமநிதி) மாதத் தொகை இனி அம்மாவுக்கு வருமா?

ஈசூன் மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் சென்ற மாதம் தமது 67ஆம் வயதில் காலமானார். கருமாதி முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, இப்போதுதான் அவருடைய கோப்புகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். அவருக்கு 65 வயதிலிருந்து மசேநி லைஃப் திட்டத்தின் கீழ் மாதந்தோறும் வழங்குதொகை வந்துகொண்டிருந்தது. வீட்டுச் செலவு பெரும்பாலும் அதில்தான் நடந்தது. அம்மாவுக்கு வயது 64. எங்களை வளர்ப்பதற்காக வேலையை விட்டவர் என்பதால் அவருடைய மசேநி கணக்கில் சொற்பத் தொகையே உள்ளது.

துக்கத்துக்கு வந்திருந்த தஞ்சாவூர் மாமா, கணவர் இறந்துவிட்டால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் தானாகவே வரும் என்றும், விண்ணப்பம் கொடுத்தால் போதும் என்றும் அம்மாவிடம் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவும் அதை நம்பிக் காத்திருக்கிறார். இங்கே சிங்கப்பூரில் அப்படி ஏதேனும் உண்டா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோப்பில் 1983ஆம் ஆண்டு அப்பா நிரப்பிய மசேநி நியமனப் படிவத்தின் (தம் காலத்துக்குப் பிறகு பணம் யாருக்கு என்று குறிப்பிடும் படிவம்) நகல் ஒன்று கிடைத்தது. செம்பவாங் கப்பல் பட்டறையில் அவருடன் வேலை பார்த்த இருவர் அதில் சாட்சியாகக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். தம் தாயாரையும் தங்கையையும், அதாவது என் பாட்டியையும் அத்தையையும், சரிபாதியாக நியமித்திருக்கிறார். பாட்டி இப்போது இல்லை. அப்பாவுக்குத் திருமணம் நடந்தது 1986ல். அதன்பின் அவர் புதிய நியமனம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் பணம் முழுவதும் அத்தைக்குப் போய்விடுமா? அத்தை எங்களிடம் மிகவும் அன்பானவர். அவரிடம் இதை எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தயங்கி நிற்கிறோம். நானும் தம்பியும் வேலையில் இருக்கிறோம். எங்களுக்கு இந்தப் பணம் தேவையில்லை, அம்மாவுக்கு மாதாமாதம் ஏதாவது வந்தால் போதும்.

பாசிர் ரிஸ் கணக்கர் எழுதுகிறார்:

தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். தங்கள் தாயார் காத்திருந்து ஏமாறக்கூடாது என்பதால் முதல் கேள்விக்கான பதிலை நேராகவே சொல்லிவிடுகிறேன். மசேநி லைஃப் வழங்குதொகை உறுப்பினரின் ஆயுளோடு நின்றுவிடும். அது மனைவியின் பெயருக்கு மாறுவதில்லை. தங்கள் மாமா சொன்னது அவருடைய நாட்டுக்குச் சரியானதே. இந்திய மத்திய அரசு ஊழியர் இறந்தால், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு என்ற வழக்கமான விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கிறது. சிங்கப்பூரில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த அரசாங்க அதிகாரிகளின் மனைவி மக்களுக்கென விதவையர், அனாதையர் ஓய்வூதியச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு அது பொருந்தாது.

மாதத் தொகை நின்றாலும் பணம் அழிந்துவிடுவதில்லை. தங்கள் தந்தையாரின் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து லைஃப் திட்டத்துக்குச் சந்தாவாக எடுக்கப்பட்ட தொகையில், அவர் உயிரோடு இருந்தபோது பெற்ற வழங்குதொகைகளைக் கழித்து, மீதியைக் குடும்பத்துக்குத் தருவார்கள். எடுத்துக்காட்டாக, சந்தா 100,000 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்து அவர் மொத்தம் 20,000 வெள்ளி பெற்றிருந்தால் 80,000 வெள்ளி திரும்பி வரும். அந்தச் சந்தாவின் மீது சேர்ந்த வட்டி மட்டும் வராது. நீண்ட காலம் வாழ்வோருக்கு ஆயுள் முழுவதும் கொடுப்பதற்காக அது பொதுத் தொகுப்பில் சேர்ந்துவிடுகிறது. இதைக் கேட்டுப் பலர் மனம் வருந்துகிறார்கள், அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 90 வயதைத் தாண்டியும் தொகை பெறும் முதியவர்களை நான் அறிவேன் என்பதால், இந்த ஏற்பாடு நியாயமானது என்றே கருதுகிறேன். லைஃப் மீதியோடு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு உட்பட மற்ற மசேநி கணக்குகளில் மிஞ்சியிருப்பதும் சேர்ந்து வரும்.

இனி 1983ஆம் ஆண்டுப் படிவம். திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் செய்த மசேநி நியமனம் சட்டப்படி தானாகவே செல்லாமல் போய்விடும். தங்கள் தந்தையார் 1986ல் மணமுடித்த அன்றே அந்தப் படிவம் செல்லாததாகிவிட்டது, ஆகவே அத்தைக்கு அதன்மூலம் எந்தப் பங்கும் இல்லை. அவரிடம் தயங்காமல், சட்டம் இப்படித்தான் சொல்கிறது என்று விளக்கிவிடலாம். அண்ணன் தம்மை நினைத்திருந்தார் என்பதை அறிந்தால் அவர் மகிழவும் கூடும். மணவிலக்கு அப்படியல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மணவிலக்குப் பெற்றாலும் முன்னாள் மனைவி அல்லது கணவர் பெயரில் செய்த நியமனம் செல்லுபடியாகவே இருக்கும், உறுப்பினர் மாற்றாதவரை பணம் அவருக்குத்தான் போகும். இதனால் இரண்டாவது குடும்பம் வெறுங்கையோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

நியமனம் இல்லாத நிலையில், மசேநி கழகம் பணத்தைப் பொது அறங்காவலர் அலுவலகத்துக்கு மாற்றிவிடும். அவர்கள் உயிலின்றி இறந்தோருக்கான வாரிசுரிமைச் சட்டப்படி பிரித்துக் கொடுப்பார்கள். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆகவே அம்மாவுக்குப் பாதியும், தங்களுக்கும் தம்பிக்கும் தலா கால் பங்கும் வரும். தந்தையார் உயில் எழுதியிருந்தாலும் மசேநி பணத்தை அது கட்டுப்படுத்தாது, ஏனென்றால் அந்தப் பணம் இறந்தவரின் சொத்துத் தொகுப்பில் சேர்வதில்லை. மறைந்தவர் முஸ்லிமாக இருந்தால் பங்கீடு இஸ்லாமிய வாரிசுரிமைப்படி நடக்கும், அதற்கு ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழ் வேண்டும்.

இறப்பைப் பற்றி மசேநி கழகத்துக்குத் தாங்கள் தனியாகத் தெரிவிக்க வேண்டியதில்லை. 2022 மே மாதம் முதல் மருத்துவர் சான்றளித்தவுடனேயே இறப்பு பதிவாகிவிடுகிறது. மின்னிலக்க இறப்புச் சான்றிதழை மை லெகசி என்ற அரசாங்க இணையத்தளத்திலிருந்து 30 நாளுக்குள் பதிவிறக்கம் செய்துவிடுங்கள். பொது அறங்காவலரிடம் மட்டும் குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரின் திருமணச் சான்றிதழையும் தங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்து வையுங்கள். பெயர் ஒரு சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தால், நம்மவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது, அதை முன்கூட்டியே கவனிப்பது நல்லது. அலுவலகம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும்.

ஜொகூர் அண்ணன் எழுதுகிறார்:

நான் மலேசியன், பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். எங்கள் நாட்டு நடைமுறையையும் சொல்கிறேன், ஏனெனில் எல்லை தாண்டி வேலைக்கு வருவோர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். என் தம்பி ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே நோயால் இறந்தான். சொக்சோ என்ற மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் தேவையான அளவு சந்தா கட்டியிருந்ததால், அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சார்ந்தோர் ஓய்வூதியம் மாதந்தோறும் வருகிறது. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகளின் பங்கு 21 வயது வரையிலும், மேற்படிப்புப் படித்தால் முதல் பட்டம் முடியும் வரையிலும் தொடரும். சிங்கப்பூரில் மட்டுமே சம்பளம் வாங்கும் என் போன்றவர்களுக்குச் சொக்சோவில் சந்தா போவதில்லை என்றால் குடும்பத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தம்பி மனைவிக்குக் கிடைக்கிறதே, நமக்கும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு காப்புறுதி எதுவும் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஈசூன் மகள் எழுதுகிறார்:

ஐயா, இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மிக்க நன்றி. நேற்றிரவே அத்தையிடம் பேசினோம். படிவத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணன் சம்பளம் வாங்க ஆரம்பித்த காலத்துக் கையெழுத்து” என்று சொல்லி நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. எங்கள் இருவரின் பங்கையும் சேர்த்து அம்மாவிடமே கொடுத்துவிட நினைக்கிறோம். ஆனால் மொத்தமாகக் கையில் கொடுத்தால், கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவார் என்ற பயம் எனக்கு உண்டு. அதை மாத வருமானமாக மாற்ற வழி இருக்கிறதா?

செங்காங் வாசகி எழுதுகிறார்:

வழி இருக்கிறது தங்கச்சி. என் மாமியாருக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம். பொது அறங்காவலரிடமிருந்து வரும் பணத்தை அம்மாவின் ஓய்வுக்காலக் கணக்கில் ரொக்க நிரப்புதொகையாகச் செலுத்தலாம். அம்மாவின் பங்கை அவரே செலுத்தலாம், உங்கள் இருவரின் பங்கையும் பிள்ளைகள் என்ற முறையில் நீங்கள் செலுத்தலாம். அந்தந்த ஆண்டின் மேம்பட்ட ஓய்வுக்காலத் தொகை எனும் உச்சவரம்பு வரையில் நிரப்ப முடியும். 2026ஆம் ஆண்டுக்கு அது 440,800 வெள்ளி, அதனால் உச்சவரம்பு உங்களுக்குத் தடையாக இருக்காது. அம்மாவுக்கு 65 வயதானதும் மசேநி லைஃப் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் ஆயுள் முழுவதும் மாதத் தொகை வரும். கணக்கில் 60,000 வெள்ளிக்குக் குறைவாக இருந்தால் தானாகச் சேர்க்கமாட்டார்கள், ஆனால் 80 வயதுக்குள் விரும்பிச் சேரலாம்.

இப்படிச் செலுத்திய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை அம்மாவுக்கு நன்றாகப் புரியவைத்துவிட்டுச் செய்யுங்கள். உங்கள் பயத்துக்கு அது மருந்தாக இருக்கும், ஆனால் திடீரென மருத்துவச் செலவோ வீட்டுப் பழுதோ வந்தால் கையில் காசு வேண்டும். ஆகவே ஒரு பகுதியை வங்கியில் வைத்துக்கொண்டு மீதியை மட்டும் செலுத்துவதே சரி என்பது என் கருத்து.

முழுத் தொகையையும் ஒரே ஆண்டில் செலுத்த அவசரப்படாதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. 55 வயதுக்கு மேற்பட்டு, ஓய்வுக்காலக் கணக்கில் அடிப்படை ஓய்வுக்காலத் தொகைகூட (மசேநி வகுத்துள்ள அடிப்படைச் சேமிப்பு இலக்கு) இல்லாத, வருமானம் குறைந்தவர்களுக்கு, ரொக்கமாக நிரப்பும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் ஒரு வெள்ளி சேர்க்கிறது. ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரையிலும், ஆயுளில் மொத்தம் 20,000 வெள்ளி வரையிலும் இது கிடைக்கும். வீட்டின் ஆண்டு மதிப்பு போன்ற நிபந்தனைகளும் உண்டு. தகுதியை மசேநி கழகமே ஆண்டுதோறும் கணித்துத் தெரிவிக்கும், விண்ணப்பிக்கத் தேவையில்லை. அம்மா தகுதி பெற்றால், அடிப்படைத் தொகையை எட்டாதபடி பார்த்துக்கொண்டு ஆண்டுதோறும் 2,000 வெள்ளி ஒதுக்கி வையுங்கள். 65 வயதுக்குப் பிறகு சில்வர் சப்போர்ட் என்ற, வருமானம் குறைந்த முதியோருக்கான அரசாங்க உதவித்தொகைக்கும் அவரைத் தானாகவே பரிசீலிப்பார்கள். அது காலாண்டுக்கு ஒருமுறை வருவது.

அதோடு, அம்மா தம்முடைய மசேநி நியமனத்தை இப்போதே செய்துவிடட்டும். அவருடைய பழைய நியமனத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கும். இணையத்தில் சிங்பாஸ் மூலம் செய்யலாம். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும், நியமிக்கப்படுபவர்கள் சாட்சியாக இருக்கக்கூடாது. நீங்களும் தம்பியும் நியமிக்கப்படுவீர்கள் என்பதால், அத்தையும் அவருடைய வீட்டுக்காரரும் சாட்சியாக இருக்கலாமே.

பாசிர் ரிஸ் கணக்கர் எழுதுகிறார்:

சகோதரி சொன்னது அனைத்தும் சரி. இளம் வயதில் துணையை இழந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் என்ற காப்புறுதி 65 வயதோடு முடிந்துவிடுவதால் தங்கள் தந்தையாருக்குப் பொருந்தவில்லை. அதற்குக் குறைந்த வயதில் இறந்தவரின் குடும்பத்தினர் அதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 60 வயது வரை 70,000 வெள்ளியும், அதன்பின் 65 வரை 55,000 வெள்ளியும் கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் அதை நடத்துகிறது. மசேநி நியமனம் இந்தக் காப்புறுதிக்குச் செல்லாது, அதற்கு அந்த நிறுவனத்திடம் தனியாக நியமனம் செய்ய வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கடன் பாக்கி இருந்தால் வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் என்ற காப்புறுதியையும் பாருங்கள், கடனை அது அடைத்துவிடக்கூடும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் மசேநி பங்கைப் பொது அறங்காவலர் வைத்திருப்பார், பராமரிப்புச் செலவுக்காகத் தாய் அதிலிருந்து கேட்டுப் பெறலாம்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் நம் தமிழ்நாட்டு ஊழியர்களுக்கு மசேநி கிடையாது. ஆனால் வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் அவர்களையும் உள்ளடக்கியது. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளில் உயிரிழந்தால், வயதையும் சம்பளத்தையும் பொறுத்து 91,000 முதல் 269,000 வெள்ளி வரை சார்ந்திருப்போருக்கு மொத்தத் தொகையாகக் கிடைக்கும். ஓராண்டுக்குள் கோரிக்கை விடுக்க வேண்டும். ஊரில் இருக்கும் மனைவிக்கும் பெற்றோருக்கும் இது பெரும்பாலும் தெரிவதில்லை. அதனால் அத்தகைய இறப்பு நேர்ந்தால், உடன் தங்கியிருப்பவர்கள் யாராவது மனிதவள அமைச்சைத் தொடர்புகொண்டு, குடும்பத்தாரின் பெயர்களையும் உறவுமுறைச் சான்றுகளையும் திரட்டிக் கொடுக்க உதவுங்கள்.