சிறைப்பட்டோரை மீட்கும் விலை: யூதர்களிடம் நேரில் கேட்டவை

தொடக்கப் பதிவு

2023 அக்டோபர் 7 அன்று காஸாவுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட 251 பேரை மீட்பதற்கு எந்த விலையையும் கொடுக்கலாமா என்ற வாதம், இரண்டு ஆண்டுகளாக யூதர்களுக்குள்ளேயே கடுமையாக நடந்தது. நம் நாளேடுகளில் அது இஸ்ரேலின் ஆளுங்கட்சிக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் இடையிலான சண்டையாக மட்டுமே வந்தது. அங்கே வாழ்ந்தவர்களும் யூதர்களோடு நெருங்கிப் பழகியவர்களும் தாங்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

முதல் பதில் (ஜெருசலேமில் ஆய்வு மாணவராக இருந்தவர்)

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை மாலை, என்னோடு ஆய்வகத்தில் பணியாற்றிய ஒருவரின் வீட்டுக்குச் சப்பாத் (யூதர்களின் வார ஓய்வுநாள்) விருந்துக்குப் போயிருந்தேன். சிறைப்பட்டோருக்கு ஈடாகப் பாலஸ்தீனக் கைதிகளை விடுவிக்கும் போர்நிறுத்த ஒப்பந்தத்தை ஏற்பதா என்று இஸ்ரேல் அமைச்சரவை அன்றுதான் கூடியிருந்தது. சூரியன் மறைந்து ஓய்வுநாள் தொடங்கிய பிறகும் கூட்டம் முடியவில்லை. உயிரைக் காப்பதற்காக ஓய்வுநாள் விதியை மீறலாம் என்பது யூதச் சட்டத்தில் ஐயமற்ற விதி என்பதால், சமய நம்பிக்கையுள்ள அமைச்சர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் போயிருந்த வீட்டாருக்கோ செய்தி கேட்பதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. கைப்பேசிகள் அனைத்தும் அணைக்கப்பட்டு அலமாரியில் கிடந்தன. ஆகவே, நாடே விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்த முடிவை அறியாமலேயே அந்த விருந்தில் விவாதம் நடந்தது.

வீட்டுப் பெரியவர், என் நண்பரின் மாமனார், எழுந்து போய், பண்டைய யூதச் சட்டத்தொகுப்பான மிஷ்னா நூலை எடுத்து வந்தார். 'சிறைப்பட்டோரை அவர்களுடைய மதிப்புக்கு மேல் விலை கொடுத்து மீட்கக் கூடாது. உலகின் ஒழுங்கு கருதியே இவ்விதி' என்று கித்தீன் பகுதியில் உள்ள வரியை அவர் விரலை ஓட்டியபடியே வாசித்தார். விலை ஏறினால் சமூகம் தாங்காது என்பதற்காகவா, அல்லது பிடிப்பவர்கள் மேலும் பிடிப்பார்கள் என்பதற்காகவா இந்த விதி என்று, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத் கேட்கிறது. காரணம் எதுவோ அதைப் பொறுத்தே இன்றைய தீர்ப்பும் மாறும் என்றார் அவர். குடியேற்றப் பகுதியொன்றில் வசிக்கும் அவருடைய மகன், பின்னப்பட்ட சிறு தொப்பி அணிந்தவர், நான்கு மாதம் ரிசர்வ் படையில் இருந்துவிட்டு வந்திருந்தார். இரண்டாவது காரணம்தான் சரி என்பதற்கு அவரிடம் ஒரே ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. 2011இல் கிலாத் ஷாலித் என்ற ஒரு சிப்பாயை மீட்க விடுவிக்கப்பட்ட 1027 கைதிகளில் ஹமாஸின் யஹ்யா சின்வாரும் ஒருவர். அக்டோபர் 7 தாக்குதலைத் திட்டமிட்டவர் அவரே. 'மிஷ்னா எதைச் சொல்கிறது என்பதற்கு இதைவிட உரை வேண்டுமா?' என்றார் மகன்.

என் நண்பர் இடைக்கால யூதச் சட்ட அறிஞரான மைமோனிடிஸின் நூலை எடுத்தார். (அவர்கள் 'ரம்பாம்' என்று சுருக்கிச் சொல்வார்கள், முதல் சில மாதங்கள் என் காதுக்கு அது ரம்பம் என்றே விழுந்தது.) சிறைமீட்பைவிடப் பெரிய அறக்கடமை வேறில்லை என்று மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார். மீட்க வாய்ப்பிருந்தும் தாமதிக்கும் ஒவ்வொரு கணமும் இரத்தம் சிந்துவதற்கு ஒப்பாகும் என்கிறது பிற்காலச் சட்டத்தொகுப்பான ஷுல்கான் அரூக். 1976இல் உகாண்டாவின் எண்டபே விமான நிலையத்தில் விமானக் கடத்தல்காரர்களிடம் பிடிபட்டிருந்தவர்களுக்காகக் கைதிகளை விடுவிக்கலாம் என்று ரபி (யூத சமய ஆசான்) ஓவாதியா யோசேப் தீர்ப்பளித்ததையும் நண்பர் நினைவூட்டினார். உயிருக்கே ஆபத்து என்னும்போது மதிப்பு, விலை என்ற கணக்குக்கு இடமில்லை என்பது அவர் தரப்பு.

பெரியவர் எந்தப் பக்கமும் சாயாமல் ரோதன்பர்க் ரபி மேயிரின் கதையைச் சொன்னார். 1286இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறும் வழியில் சிறைப்பிடிக்கப்பட்ட அந்த அறிஞர், தன்னைப் பெருந்தொகை கொடுத்து மீட்க வேண்டாம் என்று தடுத்து, 1293இல் சிறையிலேயே இறந்ததாக மரபு கூறுகிறது. உடலைக் கூட 1307இல்தான் பணம் கொடுத்து மீட்டார்கள். 'ஆனால் அவர் தன் உயிரைப் பற்றித்தான் முடிவெடுத்தார்; பிறர் பிள்ளையின் உயிரைப் பற்றியன்று' என்று சொல்லிவிட்டுப் பெரியவர் நூலை மூடினார். அன்றிரவு நான் கேட்டவற்றில் கனமான வாக்கியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் பதில் (ஹைஃபாவில் முதியோர் பராமரிப்புப் பணி செய்பவர்)

நான் கவனித்துக்கொள்ளும் பாட்டி கடவுளை நம்பாதவர்; தொழுகைக் கூடத்துக்குப் போனதை நான் பார்த்ததில்லை. அவரை 'சாவ்தா' என்றே கூப்பிடுகிறேன். பாட்டி என்பதற்கு அவர்கள் மொழிச் சொல் அது. தம் நடைச்சட்டத்தின் கைப்பிடியில், சிறைப்பட்டோரை மீட்கக் கோரும் அடையாளமான மஞ்சள் ரிப்பனைக் கட்டியிருந்தார். அழுக்கானால் துவைத்துத் திரும்பக் கட்டச் சொல்வார். மேலே எழுதியவர் சொன்ன நூல் விவாதம் டிவியில் வந்தபோது, 'இதற்கு ரபி எதற்கு? எங்கள் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பும்போது, யாரையும் விட்டுவிட்டு வரமாட்டோம் என்று அரசு சொன்னது. அந்தச் சொல்லைக் காப்பாற்றட்டும்' என்று கோபப்பட்டார். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டைக் காலியாக வைக்கச் சொல்லத் தொடங்கியவரும் அவர்தான். அது சமயமா, அரசியலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் பதில் (லண்டனிலிருந்து)

ஸ்டாம்ஃபோர்டு ஹில் பகுதியில் கடை வைத்திருக்கும் ஒரு ஹசிதிய (மிகுந்த ஆசாரமுள்ள யூத மரபு) முதியவரிடம் பல ஆண்டுகளாகப் பொருள் வாங்குகிறேன். மெசியா வருமுன் யூதர்கள் நாடு அமைப்பதே பாவம் என்று கருதும் பிரிவைச் சேர்ந்தவர். சிறைப்பட்டோரைப் பற்றிக் கேட்டதற்கு, 'அந்த அரசு எங்களுடையதன்று, பிடிபட்டவர்கள் எங்களுடையவர்கள்' என்றார். மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

தொடக்கப் பதிவர் கேள்வி

முதல் பதில் எழுதியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். காஸாவில் இறந்தவர்களைப் பற்றி அந்த விருந்தில் யாராவது பேசினார்களா?

முதல் பதில் எழுதியவர்

ஒருவர் மட்டும் பேசினார். நண்பரின் மூத்த மகள், கல்லூரி மாணவி, தானும் சமய நெறிகளைக் கடைப்பிடிப்பவள். 'மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்ற வசனம் எல்லைக் கம்பிக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறதா? அங்கே செத்த குழந்தைகளை எந்த விலையில் சேர்ப்பீர்கள்?' என்று கேட்டாள். ரிசர்வ் படையிலிருந்து வந்திருந்த அவளுடைய மாமா குரலை உயர்த்தவில்லை. இன்று வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பெரியவர் பதில் தேட இன்னொரு நூலை எடுக்கவும் இல்லை. அதுவரை ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு நூல் இறங்கிவந்த அலமாரி அது என்பதால்தான் எனக்கு அந்த மௌனம் உறுத்தியது. அவளுடைய தாய் தேநீர் கொண்டுவந்தார், பேச்சு மாறியது.

மறுநாள் மாலையும் நான் அங்கேதான் இருந்தேன். ஓய்வுநாளை வழியனுப்பும் பின்னல் மெழுகுவத்தியைத் திராட்சை ரசத்தில் அணைத்த பிறகு நண்பர் கைப்பேசியை எடுத்தார். நள்ளிரவுக்குப் பின், 24க்கு 8 என்ற வாக்குகளில் ஒப்பந்தம் ஏற்கப்பட்டிருந்தது. மாமா தன் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வாசலில் நண்பரைத் தழுவிக்கொண்டபோது, 'நாளை யார் யார் வருகிறார்கள் என்று பார், பெயர்களை எனக்கு அனுப்பு' என்றார்.