இழுவைப் படகு வேண்டாம்: பேரேரிகளில் பாய் குறைந்த கப்பலுக்கு ஒரு பெயர்

டொரன்டோவிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

வட அமெரிக்கப் பேரேரிகளின் பாய்க்கப்பல்களைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரு சொல்லில் வந்து சிக்கி நிற்கிறேன்.

ஏரி என்றதும் வீராணத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். சுப்பீரியர் ஏரியின் கிழக்கு மேற்கு நீளம் மட்டும் ஏறத்தாழ 560 கிலோமீட்டர். 1860களின் இறுதியில் இந்த ஐந்து ஏரிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 1,800 பாய்க்கப்பல்கள் ஓடின. அவற்றில் பெரும்பாலானவை ஸ்கூனர்கள். இரண்டு அல்லது மூன்று பாய்மரங்கள். கப்பலின் நீளவாக்கில் கட்டிய பாய்கள். ஆற்று முகத்துவார மணல்மேடுகளைத் தாண்டுவதற்காக வேண்டியபோது தூக்கிக்கொள்ளும் நடுப்பலகை. சிகாகோவிலும் மில்வாக்கியிலும் ஏற்றிய கோதுமை பஃபலோவுக்குப் போகும், திரும்பும்போது நிலக்கரி வரும். மிச்சிகன் காடுகளின் பைன் பலகைகள் சிகாகோவுக்குப் போகும். ஏரிகளில் சரக்கு ஏற்றிய கடைசிப் பாய்க்கப்பல்களில் ஒன்று 'அவர் சன்'. 1875இல் ஒஹையோவில் கட்டியது. 1930 செப்டம்பரில் மிச்சிகன் ஏரியில் புயலில் அகப்பட்டு மூழ்கியது. அந்த வழியே வந்த நீராவிக் கப்பல் ஒன்று அதிலிருந்த அனைவரையும் காப்பாற்றியது.

இந்தக் கதையின் நடுவில் ஒரு விசித்திரப் பிறவி வருகிறது. 1860களிலிருந்து பழைய ஸ்கூனர்களின் மேல்மரங்களை அறுத்து, முன்னால் நீண்டிருந்த கொம்புமரத்தைக் கழற்றி, நீராவிக் கப்பலின் பின்னால் வடத்தில் கட்டி இழுத்துப் போகத் தொடங்கினார்கள். இதற்கு ஸ்கூனர் பார்ஜ் என்று பெயர். இதைத் தமிழில் என்ன சொல்வது? அகராதியைப் பார்த்தால் 'இழுவைப் படகு' என்று ஒன்று கிடைக்கிறது. மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து

> அகராதியைப் பார்த்தால் 'இழுவைப் படகு' என்று ஒன்று கிடைக்கிறது.

அம்மா, அந்தச் சொல்லை எடுத்தீர்களானால் வாசகன் நேராகப் பாக் நீரிணைக்குப் போய்விடுவான். கடலடியில் மடி இழுத்து மீன் வாரும் படகுக்குத்தான் செய்தித்தாள்கள் அதைப் பயன்படுத்துகின்றன. துறைமுகத்தில் பெரிய கப்பலை இழுத்து வருகிற சிறு கப்பலுக்கும் சிலர் அதையே எழுதுகிறார்கள். இழுப்பதும் இழுவை, இழுபடுவதும் இழுவை என்றால் கயிற்றின் எந்த முனையில் நிற்கிறோம் என்றே தெரியாது.

புதிய சொல்லே வேண்டாம் என்பது என் கருத்து. 'பார்ஜ்' என்று எழுதிவிட்டுப் போகலாம். எங்கள் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தன. பிறகு அவற்றில் எஞ்சின் வைத்தார்கள். யாராவது உட்கார்ந்து புதுப்பெயர் யோசித்தார்களா? அன்றும் தோணி, இன்றும் தோணி. கப்பலில் வேலை செய்கிறவனுக்கு இல்லாத கவலை நமக்கு எதற்கு?

மதுரையிலிருந்து

அண்ணாச்சிக்கும் டொரன்டோ அக்காவுக்கும் வணக்கம். 'இழுவை' பற்றி அண்ணாச்சி சொன்னதோடு அந்தக் கதை முடிந்தது. தோணி வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. எஞ்சின் வைத்த தோணி தன் போக்கில்தான் போகிறது. எப்போது கிளம்ப வேண்டும், எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்பதை அதன் தண்டையல்தான் தீர்மானிக்கிறார். ஸ்கூனர் பார்ஜின் தலைவனுக்கு அந்த உரிமை இல்லை. முன்னே போகிற நீராவிக் கப்பல் போகிற இடத்துக்குத்தான் அவனும் போயாக வேண்டும். நிலைமையே மாறிவிட்ட பிறகு பெயர் மாறுவதில் வியப்பில்லை. ஏரிக்காரர்களும் மாற்றித்தான் அழைத்தார்கள்.

எதை வைத்துப் பெயர் சூட்டுவது என்பதுதான் கேள்வி. இழுபடுவதை வைத்தா, பாய் போனதை வைத்தா? இதற்கு விடை காண, ஸ்கூனர் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று பார்க்க வேண்டும்.

கயிறு முதலில் உதவியாகத்தான் வந்தது. ஈரி ஏரியிலிருந்து ஹூரான் ஏரிக்குப் போக டெட்ராய்ட் ஆறு, செயின்ட் கிளேர் ஆறு இரண்டையும் கடக்க வேண்டும். குறுகிய வழி, எதிர்நீரோட்டம், வாய்க்காத காற்று. அங்கே சிறு இழுகப்பல் ஒன்று நாலைந்து ஸ்கூனர்களைச் சரமாகக் கட்டி இழுத்துக் கடத்திவிடும். அக்கரை ஏரி வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பாயை விரிப்பார்கள். சில மைல்களுக்கு மட்டும் என்றிருந்த கயிறு, பிறகு பயணம் முழுவதற்கும் என்றாகிவிட்டது. கணக்கு எளிது. ஒரு கொதிகலன், ஒரு எஞ்சின், அதற்கான நிலக்கரி. பின்னால் இரண்டு பழைய மரக்கப்பல்கள் நிறையச் சரக்கு. காற்று வரவில்லையே என்று காத்திருக்கும் நாள்கள் மிச்சம்.

பாயைத் தோற்கடித்தது நீராவி மட்டும் என்று நினைத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதி துறைமுகத்தில் நடந்தது. இரும்புத்தாது ஏற்றும் மேடை எப்படி இருக்கும் என்று பாருங்கள். உயரமான நீண்ட மேடை, அதன் வயிற்றில் வரிசையாகத் தாது நிரப்பிய அறைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே சாயும் ஒரு சரிவுக்குழாய். மேலே ரயில் வந்து கொட்டும். கீழே கப்பல் நிற்கும். குழாயை இறக்கினால் தாது தன் எடையாலேயே கப்பலின் சரக்கறைக்குள் பாயும். குழாய்களுக்கு இடையே 12 அடி. 1869இல் கிளீவ்லாந்தில் எலிஹு பெக் கட்டிய ஆர். ஜே. ஹேக்கெட் என்ற நீராவிக் கப்பலில் சரக்கு இறங்கும் வாய்களைத் தளத்தில் 24 அடிக்கு ஒன்றாக வைத்தார்கள். ஒன்று விட்டு ஒரு குழாய் நேராக வாய்க்குள் இறங்கிவிடும். சுக்கான் அறை முன்முனையில், எஞ்சின் பின்முனையில், நடுத்தளம் முழுவதும் காலி. ஸ்கூனரின் நடுத்தளத்திலோ பாய்மரம் நிற்கிறது, அதைப் பிடிக்கும் கயிறுகள் இரு பக்கமும் இறங்குகின்றன, பாயின் அடிக்கட்டை குறுக்கே ஆடுகிறது. காற்றுக்காகக் கட்டிய ஒவ்வொன்றும் சரக்குக்கு இடைஞ்சல். 1899இல் ஈரி ஏரிக்கரையில் ஹியூலெட் இயந்திரம் வந்து, தாதுவைப் பெரிய வாளியால் அள்ளி வெளியே போடத் தொடங்கியதும் பாய்மரத்துக்கு அந்தக் கரையில் இடமே இல்லாமல் போனது.

ஆகவே பாய் குறைந்ததுதான் இந்தக் கப்பலின் அடையாளம். இழுபடுவது அதன் விளைவு. நான் முன்மொழிவது: குறைபாய்க் கலம்.

தூத்துக்குடியிலிருந்து

தம்பி, 'குறை' என்று தொடங்கினால் குறைப்பிரசவம், குறைகுடம் என்று எல்லாம் ஊனமாகவே காதில் விழுகிறது. அதோடு, சரக்கு நிரப்பி இழுத்துப் போகிற பெட்டிக்குக் 'கலம்' என்ற பெருமை எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாமே பழைய ஸ்கூனரை அறுத்துச் செய்தவை அல்லவே. தொடக்கத்திலேயே பார்ஜாகக் கட்டியவற்றில் எதைக் குறைத்தார்கள்?

மதுரையிலிருந்து

அண்ணாச்சி கடைசியில் கேட்டதுதான் நல்ல கேள்வி. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மிச்சிகனில் வெஸ்ட் பே சிட்டியில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற கப்பல்கட்டி இருந்தார். ஊரே எஃகுக்கு மாறிய பிறகும் மரத்தை விடாதவர். 1900இல் அவர் கட்டிய பிரிட்டோரியா 338 அடி நீளம். உலகில் கட்டிய மிகப் பெரிய மரக்கப்பல்களில் ஒன்று. அவ்வளவு நீள மரக்கட்டுமானம் அலையில் வளையாமல் இருக்க உள்ளே இரும்புப் பட்டைகளைக் கொடுத்துக் கட்டினார். மூன்று பாய்மரங்கள் உண்டு. ஆனால் பிறவியிலேயே இழுபடக் கட்டியது. நேர்மாறாக, 1881இல் டொலீடோவில் கட்டிய டேவிட் டவ்ஸ் ஐந்து பாய்மரத்தோடு முழு ஸ்கூனராகப் பிறந்தது. ஏரிகளின் குறுகலான வழிகளில் அதைத் திருப்பி ஓட்டுவது பெரும்பாடாகிவிட, அதுவும் கயிற்றில் கட்டுண்டது. 1889இல் சிகாகோவுக்கு அருகே நிலக்கரியோடு மூழ்கியது.

இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்துமா என்றால், பொருந்தும். 'குறைபாய்' வினைத்தொகை. குறைத்த பாய், குறைந்த பாய், குறையும் பாய் எல்லாம் அதற்குள் அடங்கும். டேவிட் டவ்ஸ் குறைத்த பாய், பிரிட்டோரியா பிறப்பிலேயே குறைந்த பாய். ஊறுகாய் நேற்று ஊறியதா நாளை ஊறுமா என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. காலத்தைச் சொல்லாமல் விடும் இந்த வசதி நம் இலக்கணத்தில் இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

ஓர் எச்சரிக்கை மட்டும். மெய்ப்புத் திருத்துபவர் யாராவது ஆர்வத்தில் நடுவில் ஒரு 'ப்' போட்டுவிட்டால் 'குறைப்பாய்' ஆகி, வாசகனைப் பார்த்து எதையோ குறைக்கச் சொன்னதுபோல் ஆகிவிடும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

அடுத்து, பெட்டியா கலமா. பெட்டிக்குச் சுக்கான் இருக்காது, நங்கூரம் இருக்காது, ஆள் இருக்க மாட்டான். இதில் மூன்றும் இருந்தன. கயிறு அறுந்தால் தானே சமாளிக்க வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் பாயும் விட்டுவைத்தார்கள். 1905 செப்டம்பரில் சுப்பீரியர் ஏரியில் புயல் அடித்தபோது பிரிட்டோரியாவின் சுக்கான் இயக்கம் பழுதாகி, இழுவடம் அறுந்து, நங்கூரமும் பிடிக்காமல் இழுபட்டு, அவுட்டர் தீவுக்கு அருகே மூழ்கியது. பத்துப் பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். மற்ற ஐந்து பேரைக் கலங்கரை விளக்கக் காவலர் ஜான் இர்வின் கரைசேர்த்தார்.

அதே ஆண்டு நவம்பர் 28இல் நடந்ததையும் பாருங்கள். மட்டாஃபா என்ற எஃகு நீராவிக் கப்பல், ஜேம்ஸ் நாஸ்மித் என்ற பார்ஜை இழுத்துக்கொண்டு புயலில் டுலூத் துறைமுகத்துக்குத் திரும்பியது. குறுகிய வாய்க்காலுக்குள் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக முடியாது என்று பார்ஜின் கயிற்றை வெளியிலேயே விட்டுவிட்டார்கள். மட்டாஃபா வாய்க்கால் சுவரில் மோதி, ஊரே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க உடைந்து தரைதட்டியது. ஒன்பது பேர் இறந்தார்கள். விடப்பட்ட நாஸ்மித்தோ நங்கூரம் போட்டு அந்தப் புயலைத் தாங்கி நின்றது. இதைப் பெட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

'குறை' என்றால் ஊனம் என்பதற்கு வருகிறேன். பாய்க்கப்பல் மாலுமிகள் இந்தக் கலங்களை அப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மேல்மரம் அறுபட்ட ஸ்கூனர் ஒரு கப்பலோட்டிக்கு அழகாகவா தெரிந்திருக்கும்? சொல்லில் அந்தக் கசப்பு கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

டொரன்டோவிலிருந்து

தம்பியின் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். வினைத்தொகை விளக்கம்தான் என்னை இழுத்தது. கட்டுரையிலும் அது வேலை செய்கிறது: 'குறைபாய்க் கலங்கள் இரண்டை இழுத்துக்கொண்டு வெனிசுவேலா என்ற நீராவிக் கப்பல்' என்று எழுதிப் பார்த்தேன், படிக்கத் தடங்கல் இல்லை. பிரிட்டோரியா மூழ்கிய அந்தப் பயணத்தில் அது இழுத்தது பிரிட்டோரியா ஒன்றைத்தான் என்பதால் 'கலங்கள் இரண்டை' என்பதைக் 'கலம் ஒன்றை' என்று மாற்றிவிட்டேன்.

இன்னொரு வகையும் மிச்சம் இருக்கிறது. கனாலர் என்பார்கள். இரண்டாம் வெல்லண்ட் கால்வாயின் நீர்ப்பூட்டுகள் 150 அடி நீளம், 26½ அடி அகலம். அதற்குள் நுழைய வேண்டும், ஆனால் ஒரு மூட்டை கோதுமைக்கான இடம்கூட வீணாகக் கூடாது என்று மூக்கைத் தட்டையாக்கி, பக்கங்களைச் சுவர்போல் நிமிர்த்திக் கட்டிய ஸ்கூனர்கள். கொம்புமரத்தையும் மேலே மடக்கிக்கொள்ளும்படி வைத்தார்கள். மூன்றாம் கால்வாய் 1887இல் 270 அடிப் பூட்டுகளோடு வந்ததும் அந்த அளவுக்கு அர்த்தமில்லாமல் போய்விட்டது. 'கால்வாய்க் கப்பல்' போதும் என்று நினைக்கிறேன். இதற்குப் பெரிய விவாதம் தேவைப்படாது.

தூத்துக்குடியிலிருந்து

கால்வாய்க் கப்பல் சரி. குறைபாய்க் கலத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'ஸ்கூனர் பார்ஜ் எனப்படும்' என்று சேர்த்துவிடுங்கள், தேடுகிறவனுக்கு உதவும்.

ஆனால் தம்பி டேவிட்சனைக் 'கப்பல்கட்டி' என்கிறாரே, அது எதற்கு? மரத்தில் கப்பல் கட்டுகிறவருக்கு ஓடாவி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அடிமரத்துக்கு ஏரா என்று எழுதுங்கள். பலகை இடுக்கில் பஞ்சும் கீலும் திணித்து அடைக்கிற வேலைக்குக் கலப்பற்று. பழையதை வைத்துக்கொண்டு புதியதைத் தேடி அலைகிறோம்.

டொரன்டோவிலிருந்து

ஐயா, ஓடாவி எங்கள் வீட்டுச் சொல். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் பாய் விரித்தே மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதைக் கட்டியவர்களை வேறு எப்படியும் அழைக்க எங்களுக்குத் தெரியாது.

கட்டுரையில் விஸ்கான்சினின் மேனிட்டோவாக் ஊரைப் பற்றிய பகுதியில் இப்போதே மாற்றிவிட்டேன். 1850களில் ஆழம் குறைந்த அடிப்பகுதியோடு வேகமான ஸ்கூனர்களை அங்கே கட்டிய வில்லியம் பேட்ஸ், இனி 'ஓடாவி பேட்ஸ்'. அதே ஊர் இரண்டாம் உலகப்போரில் 28 நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டி, மிசிசிப்பி ஆறு வழியாகக் கடலுக்கு அனுப்பியது. அந்த வேலையைச் செய்தவர்களை ஓடாவி என்று எழுத மாட்டேன். எஃகைப் பற்றவைத்தவர்களுக்குக் கப்பல் தொழிலாளர் என்பதே பொருத்தம். மரம் இருந்த வரைக்கும்தான் அந்தச் சொல்.

ஏரிக்கரைக் காடுகளில் கப்பலுக்கு ஏற்ற வெள்ளை ஓக் தீர்ந்துகொண்டே வந்ததைப் பற்றிய பகுதி இன்னும் பாக்கி. அதில் மரவேலைச் சொற்கள் வரிசையாக வரும். இந்த இழையிலேயே கேட்கிறேன்.